அழகுராணியும் ஏழாவது விதியும்

நம் பத்திரிகைகளைப் புரட்டினால், தலையில் கிரீடமும் தோளில் பட்டையும் தரித்த ஓர் இளம்பெண்ணின் படம் ஆண்டில் சில நாட்களேனும் பக்கத்தை அலங்கரிக்கக் காணலாம். அப்பெண் நம்மினத்தைச் சேர்ந்தவளாய் அமைந்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை. இனத்துக்கே பெருமை என்பார் ஒருவர். பொன்னாடை போர்த்த ஓடுவார் மற்றொருவர். அதே வாரத்தில் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய பெண்ணுக்கு உள்பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தால் அது அவள் பாக்கியம். இந்தப் பெருமை எத்தகையது, எங்கிருந்து வந்தது, இதனால் இலாபம் அடைந்தவர் யாவர் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். போட்டி மேடையில் நின்ற எந்தப் பெண்ணையும் இழித்துரைப்பது எமது எண்ணமன்று. மேடையைக் கட்டினவரைப் பற்றியே பேச வந்தோம்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கலாகாது என்பது பழமொழி. சீர்திருத்தக்காரனுக்கு அப்பழமொழி உதவாது. எந்த வழக்கத்தையும் அதன் மூலத்தைப் பார்த்தே அவன் எடைபோடுவான். ஆகவே, நாட்டின் பெயரால் நடத்தப்படும் அழகுப் போட்டிகளுள் பழமை வாய்ந்ததும், மற்றவற்றுக்கு மாதிரியாய் அமைந்ததுமான 'மிஸ் அமெரிக்கா' போட்டியின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். நம்மூர் மேடைகளில் நடப்பதெல்லாம் அந்த மாதிரியின் நிழலேயாதலின், அசலைப் பார்த்தால் நிழலின் கோணல் தானே விளங்கும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் அட்லாண்டிக் சிட்டி என்று ஒரு கடற்கரை ஊர் உண்டு. கோடைக்காலத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமையன்று வரும் தொழிலாளர் தின விடுமுறை கழிந்ததும் ஊர் வெறிச்சோடும். விடுதிக்காரரும் கடைக்காரரும் கூடி யோசித்தனர்; வந்த கூட்டத்தை இன்னும் சில நாட்கள் பிடித்து நிறுத்த ஒரு வேடிக்கை வேண்டும் என்று தீர்மானித்தனர். பல நகரங்களின் பத்திரிகைகள், தங்கள் விற்பனை பெருகுமென்று, படங்களைப் பார்த்து நகருக்கு ஒருத்தியாகத் தேர்ந்தனுப்பின. 1921 செப்டம்பரில் நடந்த அந்த வேடிக்கையே இன்று நாட்டின் மானமாகவும் பெண்மையின் சிகரமாகவும் கொண்டாடப்படுகிறது! பெண்மையைப் போற்ற வேண்டுமென்று அன்று அவ்வூரில் ஒருவரும் கூட்டம் போடவில்லை. காலியான அறைகளை நிரப்பவே கூட்டம் போட்டனர்.

முதன்முதலில் வென்றவர் வாஷிங்டன் நகரத்து மார்கரெட் கார்மன். வயது 16. உயரம் 5 அடி 1 அங்குலம். எடை 108 ராத்தல். மார்பு 30, இடை 25, இடுப்பு 32 அங்குலம். நூறு ஆண்டுகள் கழிந்த பின்பும் இந்த எண்களை எவரும் தேடிப் படிக்கலாம். அச்சிறுமி எதை விரும்பினாள், என்னவாக வேண்டுமென்று எண்ணினாள் என்பதை எத்தனை பேர் அறிவர்? தோட்டத்து ஆபீசில் அமர்ந்து பால் எடைக் கணக்கு எழுதும் எனக்கு இந்தப் பதிவேட்டின் முறை நன்றாகப் புரிகிறது. தராசில் ஏறுவது எதுவாயினும், அதற்கு விலை சொல்லுகிறவன் தராசைப் பிடித்திருப்பவனே. அதே பத்தாண்டின் இறுதியில் நம் மலாயாவில் வகுக்கப்பட்ட தரக்கூலி, போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. உடலைப் பார்த்து விலை குறிப்பது அங்கே கிரீடமாகவும் இங்கே குறைகூலியாகவும் வெளிப்பட்டது. இரண்டிலும் பெண்ணைக் கேட்டு விலை வைத்தாரில்லை.

மதத்தாரும் மகளிர் சங்கத்தாரும் இது ஒழுக்கக்கேடு என்று கண்டனம் செய்யவே, நல்ல வாடிக்கைக்காரர் வராமற்போவர் என்றஞ்சிய விடுதிக்காரர் 1928-ல் போட்டியைக் கைவிட்டனர். பிறந்ததும் வியாபாரத்தால், நின்றதும் வியாபாரத்தால். 1933-ல் மீண்டும் ஒருமுறை நடத்தி, 15 வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் தலையில் கிரீடத்தை வைத்தனர். 1935 முதல் லெனோரா ஸ்லாட்டர் என்னும் அம்மையார் நிர்வாகத்துக்கு வந்தார். கெட்ட பெயரைத் துடைக்க வேண்டும், போட்டிக்குக் கௌரவம் தேட வேண்டும் என்பது அவர் நோக்கம். பாட்டு, நடனம் முதலிய திறமைகளைக் காட்டச் செய்தார்; பெண்களுக்குத் துணையாகப் பெரிய குடும்பத்துச் சீமாட்டிகளை நியமித்தார்; பின்னர் படிப்புக்கு உபகாரச் சம்பளமும் ஏற்படுத்தினார். இவையெல்லாம் பாராட்டத் தக்கனவே என்று வாசகர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுங்கள்.

அந்தக் கௌரவத்துக்காக எழுதப்பட்ட விதிகளுள் ஏழாவது விதி ஒன்று உண்டு. போட்டியிடுபவள் நல்ல உடல்நலம் உடையவளாகவும் வெள்ளை இனத்தைச் சேர்ந்தவளாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அது. நாட்டின் பெயரால் அழகியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்; அந்நாட்டுக்கு உழைத்துச் செல்வம் சேர்த்துக் கொடுத்த கறுப்பு மக்களின் பெண்கள் மட்டும் வாயிற்படியை மிதிக்கலாகாது! 1923-ல் கறுப்பர் சிலர் அந்த மேடையில் தோன்றியதுண்டு. அதுவும் ஆடல்பாடற் காட்சியில், அடிமை வேடத்தில். 1940 வாக்கிலும் ஒவ்வொரு பெண்ணும் தன் வமிசத்தை எத்தனை தலைமுறை வரையில் சொல்ல முடியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெண் பார்க்க வந்தவர் குலம் கோத்திரம் விசாரிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அழகு கண்ணுக்குத் தெரியும் பொருளாயின், பாட்டன் பூட்டன் பெயர் எதற்கு?

விதி தடுத்தது கறுப்பரையே என்றாலும், அதன் நஞ்சு அவரோடு நிற்கவில்லை. 1945-ல் பெஸ் மையர்சன் என்னும் யூதப் பெண் போட்டிக்கு வந்தார். நியூயார்க்கில் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்து, இசை பயின்று பட்டம் பெற்றவர். யூதர் என்று காட்டும் பெயரை விட்டுவிட்டு 'மெரிக்' என்று வைத்துக்கொள்ளும்படி அவருக்கு ஸ்லாட்டர் அம்மையார் யோசனை கூறினார். மையர்சன் மறுத்தார். ஐரோப்பாவில் யூதர் இலட்சோப இலட்சமாகக் கொல்லப்பட்ட செய்தி உலகத்தை உலுக்கிய ஆண்டு அது. அந்த ஆண்டில், அமெரிக்காவில், கிரீடம் வேண்டுமானால் தகப்பன் பெயரை மறை என்று ஒரு பெண்ணிடம் சொல்லப்பட்டது. அவர் தம் பெயரோடேயே வென்றார். போட்டியின் முதல் உபகாரச் சம்பளமாகிய 5,000 டாலரும் பெற்றார். ஆயினும் வெற்றி பெற்றவரைத் தேடி வரவேண்டிய விளம்பர வியாபாரிகள் ஒதுங்கிப் போயினர். யூதரை உள்ளே விடோம் என்னும் இடங்கள் அவருக்கும் கதவடைத்தன. மையர்சன் அச்சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டு, இனத் துவேஷத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று பள்ளிப் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கினார். கிரீடம் அவருக்கு மதிப்பளித்ததா, அவர் கிரீடத்துக்கு மதிப்பளித்தாரா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

அடுத்து, நம் மேடைகளோடு நேரே சம்பந்தப்பட்ட ஒரு செய்தி. 1950 செப்டம்பரில் யோலாண்ட் பெட்பீஸ் என்பவர் வென்றார். இவர் கன்னிமாடத்துப் பள்ளியில் பயின்றவர். இசை நாடகப் பாடகி. வென்ற பிறகு, நீச்சல் உடையுடன் ஊர் ஊராக நின்று படமெடுத்துக்கொள்ள மாட்டேன், நான் பாடகி என்று சொல்லிவிட்டார். போட்டிக்குப் பணம் கொடுத்துவந்த கட்டலினா என்னும் நீச்சல் உடைக் கம்பெனிக்கு ஆத்திரம் பொங்கிற்று. கொடுத்த பணத்தை நிறுத்திக்கொண்டு, தன் உடையை உடுத்த மறுக்காத அழகியரைத் தேடிப் புதிய போட்டிகளை அது தொடங்கிற்று. 1952-ல் அவ்வாறு பிறந்தவையே 'மிஸ் யூ.எஸ்.ஏ.'யும் 'மிஸ் யூனிவர்ஸ்' என்னும் பிரபஞ்ச அழகிப் போட்டியும்! மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் பெண்களை நாட்டின் பெயர் பொறித்த பட்டையுடன் அனுப்பிவைத்திருக்கும் அந்தப் பிரபஞ்ச மேடை, ஒரு துணி வியாபாரியின் கோபத்தில் பிறந்த குழந்தை. ஒரு பெண் 'மாட்டேன்' என்று சொன்னதற்குப் பதிலாக, 'மாட்டேன்' என்று சொல்லாத பெண்களுக்காக அது கட்டப்பட்டது. பெட்பீஸ் அம்மையாரோ, 1960-ல், கறுப்பருக்கு உணவு மேசையில் இடம் மறுத்த ஒரு பெருங்கடையின் எதிரே மறியல் செய்வோரோடு சேர்ந்து நின்றார். எந்த மேடையில் அவர் உண்மையில் அழகியாக விளங்கினார் என்று கேட்கிறோம்.

ஏழாவது விதி 1950 வாக்கில் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்த பின் நடந்தது என்ன? 1954 முதல் தொலைக்காட்சி வந்தது. கோடிக்கணக்கான வீடுகளில் அம்மேடை தெரிந்தது. ஆயினும் 1970 வரையில் ஒரு கறுப்புப் பெண்ணும் அதில் ஏறினாளில்லை. சட்டத்தை அழித்துவிட்டு வழக்கத்தை வைத்துக்கொள்வது எப்படி என்பதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தீண்டாமையைக் காகிதத்தில் ஒழித்துவிட்டுத் தெருவில் வைத்திருக்கும் தேசத்திலிருந்து வந்தவர்கள் அல்லவா நம் முன்னோர்!

1968 செப்டம்பர் 7-ந் தேதி அட்லாண்டிக் சிட்டியில் இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. போட்டி மண்டபத்துக்கு வெளியே பெண் விடுதலைக்காரர் திரண்டு, ஓர் ஆட்டுக்கு முடிசூட்டி, பெண்களைச் சந்தை மிருகமாக நடத்துகிறீர்கள் என்று இடித்துக் காட்டினர். இடுப்பை இறுக்கும் கச்சைகளையும் பொய்யிமைகளையும் ஒரு குப்பைத் தொட்டியில் வீசினர். உள்ளாடைகளை எரித்தார்கள் என்று பிற்பாடு உலகமெங்கும் பரவிய கதை பொய். எதையும் எரிக்கவில்லை. அழகுப் போட்டியில் கறுப்பருக்கு இடமில்லாமையும் அவர்களுடைய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அதே இரவில், சில தெருக்களுக்கு அப்பால் வேறொரு விடுதியில், கறுப்பர் தங்களுக்கென்று ஒரு போட்டி நடத்தி, ஃபிலடெல்ஃபியாவின் சான்ட்ரா வில்லியம்ஸ் என்னும் பெண்ணுக்கு முடிசூட்டினர். ஒரு கூட்டத்தார் கிரீடமே வேண்டாம் என்றனர். மற்றவர் எங்களுக்கு ஏன் கிரீடமில்லை என்றனர். பின்னவர் கேள்வியில் நியாயம் உண்டென்பதை மறுக்கமாட்டோம். கதவைச் சாத்தி அவமதித்த வீட்டினுள் நுழைவது மானப் பிரச்சினை. ஆனால் நுழைந்தபின் அவ்வீடு அவர்களை எவ்வாறு நடத்திற்று?

1983-ல் வனெஸா வில்லியம்ஸ், முதல் கறுப்பு 'மிஸ் அமெரிக்கா'வாக முடிசூடினார். வாழ்த்துகளோடு கொலை மிரட்டற் கடிதங்களும் வந்தன. பத்து மாதம் சென்றபின், அவர் முன்பு எடுத்துக்கொண்ட ஆடையற்ற படங்களை, அவர் சம்மதமின்றியே ஒரு பத்திரிகை வெளியிட்டது. விற்றவனுக்கும் பணம், அச்சிட்டவனுக்கும் பணம், தண்டனை அவருக்கு. 1984 ஜூலையில் கிரீடத்தைத் துறக்க நேர்ந்தது. நீச்சல் உடையில் பெண்களை நிறுத்தி மதிப்பெண் போட்டு அறுபதாண்டு சம்பாதித்தவர்கள், உடலைக் காட்டினாள் என்று ஒரு பெண்ணை வெளியேற்றினர்! உடலைக் காட்டுவது குற்றமில்லையாம். எங்கள் சீட்டை வாங்காமல் காட்டியதே குற்றமாம். வில்லியம்ஸ் பின்னர் பாடகியாகவும் நடிகையாகவும் தம் உழைப்பால் உயர்ந்தார். 2015-ல் நிர்வாகத் தலைவர் அதே மேடையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்ட அந்தத் தலைவரே, முன்னாள் அழகிகளை இழிவாகப் பேசிய கடிதப் போக்குவரத்து அம்பலமானதால், 2017 டிசம்பரில் பதவி விலக வேண்டியதாயிற்று. உதட்டில் மன்னிப்பு, உள்ளத்தில் ஏளனம்!

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2013 செப்டம்பரில் நீனா தாவுலூரி என்பவர் வென்றார். ஆந்திரத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள், அமெரிக்காவிலேயே பிறந்தவர், மேடையில் இந்திய நடனம் ஆடியவர். வெற்றி அறிவிக்கப்பட்ட அன்றிரவே, அவரை அந்நியர் என்றும் அரபியர் என்றும் பயங்கரவாதி என்றும் இணையத்தில் வைதனர். அமெரிக்க வெள்ளை வெறியைக் கண்டு நம்மவர் கொதித்தனர். கொதித்தது சரி. ஆனால் அதே நாட்களில் இந்தியப் பத்திரிகைகளில் வேறொரு பேச்சும் எழுந்தது: இவ்வளவு கறுப்பான பெண் இந்தியாவில் போட்டியிட்டிருந்தால் வென்றிருப்பாளா என்று! வென்றிருக்கமாட்டாள் என்றே பலரும் எழுதினர். அவர்கள் எழுதியது மிகையன்று. 2019-ல் 'மிஸ் இந்தியா' போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்த 30 பெண்களின் படங்களை ஒரு பத்திரிகை வரிசையாக வெளியிட்டபோது, ஒரே முகத்தை முப்பது முறை அச்சிட்டாற் போலிருந்தது. அத்தனையும் வெளுத்த நிறம்.

தோழர்களே, அமெரிக்காவில் ஏழாவது விதியை எழுதினார்கள். எழுதியதால் பின்னொருநாள் அழிக்க முடிந்தது. நாம் அதை எழுதவேயில்லை. எழுதாமலே மூன்று தலைமுறையாகக் கைக்கொண்டு வருகிறோம். குழந்தை பிறந்த வீட்டில் முதற் கேள்வி ஆணா பெண்ணா என்பது. இரண்டாவது கேள்வி கறுப்பா சிவப்பா என்பது. பால்மரக் காட்டில் வெயிலில் வெந்து குடும்பத்தைக் காத்த தாயின் நிறம், அவள் மகளுக்கு வரன் தேடும்போது குறையாகிவிடுகிறது. மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த மேனி' என்னும் இரண்டு சொல்லுக்கும் காசு கட்டி அச்சிடுகிறோம். 1975-ல் இந்தியாவில் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு நம் மலேசியச் சீனன் கடை வரையில் வந்து குழாய் குழாயாக விற்றது. 2020-ல், அமெரிக்காவில் ஒரு கறுப்பர் போலீஸாரால் கொல்லப்பட்டு உலகமே கொந்தளித்த பிறகு, 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று பெயர் மாற்றினார்கள். பெயர்தான் மாறிற்று; கண்ணாடி முன் நின்று தன் முகத்தை வெறுக்கும் பெண்ணின் மனம் மாறிற்றா?

போட்டிக்காரர் தரப்பில் சொல்லப்படும் சமாதானங்களையும் பார்ப்போம். படிப்புக்குப் பணம் கிடைக்கிறதே என்கின்றனர். படிக்க வல்ல பெண்ணுக்குப் பணம் கொடுக்க அவள் இடுப்பை ஏன் பார்க்க வேண்டும்? பையனுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்குமுன் எவராவது அவனை நீச்சல் உடையில் நடக்கச் சொன்னதுண்டா? தைரியம் வளர்கிறது என்கின்றனர். தோற்ற நாற்பது பேரின் தைரியம் என்னவாயிற்று? பெண்களே விரும்பி வருகிறார்களே என்கின்றனர். மெய்தான், வேறு கதவுகளை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால், அதன் வழியே விரும்பித்தான் வருவார்கள். காலம் மாறிவிட்டது, 2018-லேயே நீச்சல் உடைச் சுற்றை நீக்கிவிட்டோம், இனி உருவத்தைப் பார்த்து மதிப்பிடோம் என்று அறிவித்தார்களே என்கின்றனர். சில ஆண்டுகளுக்குள் 'உடற்தகுதி' என்னும் பெயரில் வேறொரு சுற்று மேடையேறியதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். உருவத்தைப் பாராத அழகுப் போட்டி, நெல்லில்லாத குதிர். அதை வைத்துக் காப்பானேன்?

மற்றொரு கூட்டத்தாரும் நம்மோடு சேர்ந்து இதைக் கண்டிக்க வருவர். பெண் மேடையேறலாகாது, அடக்கமாய் அடுப்பங்கரையில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் கையை நாம் பிடிக்க மாட்டோம். பெண்ணின் உடல் பிறர் பார்த்து விலை கூற ஏற்பட்டது என்பது போட்டிக்காரன் கொள்கை. பிறர் பாராதபடி பூட்டிவைக்க ஏற்பட்டது என்பது இவர் கொள்கை. இருவரும் அவ்வுடலுக்கு உடைமைக்காரர் வேறொருவர் என்பதில் ஒற்றுமையாகவே இருக்கின்றனர். நாம் அதைத்தான் மறுக்கிறோம். மேடை வேண்டும், பேச, பாட, ஆட, வாதாட, தலைமை தாங்க வேண்டும். முழக்கோலும் மதிப்பெண் தாளும் அங்கே வேண்டாம்.

இச்சரித்திரத்தில் நினைவில் நிறுத்தத் தக்கவர் யார் என்று பாருங்கள். பெயரை மாற்ற மறுத்தவர் ஒருவர். உடையை மறுத்தவர் ஒருவர். அவமானத்தின் பின்னும் தலைநிமிர்ந்தவர் ஒருவர். கிரீடம் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுமில்லை. கிரீடத்தை எதிர்த்து நின்ற இடத்திலேயே இவர்கள் பெரியவரானார்கள்.

ஆகவே, நம் சங்கங்களுக்கும் பெற்றோருக்கும் மூன்று வேண்டுகோள்கள். தீபாவளி, பொங்கல் விழாக்களில் அழகுராணிப் போட்டிக்கு ஒதுக்கும் பணத்தை, தோட்டத்துப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு மாற்றி எழுதுங்கள். மண விளம்பரத்தில் நிறத்தைக் குறிப்பதில்லை என்று உங்கள் வீட்டிலேயே முதலில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். உறவுக்காரர் உங்கள் மகளைப் பார்த்து, நிறம் கொஞ்சம் மட்டுதான் என்று சொன்னால், அவள் காதில் விழும்படி அங்கேயே மறுத்துப் பேசுங்கள். இம்மூன்றுக்கும் எந்தச் சர்க்காரின் உத்தரவும் தேவையில்லை. எழுதப்படாத விதியை அழிக்க, அதைக் கைக்கொள்ளுகிறவர் விட்டுவிட்டாலே போதும்.